சிரசு வரும் தெருவில் மின்தடை

வைகாசி ஒன்று, விடியாத நாலரை.
தரணம்பேட்டையில் ஸ்விட்சைக் கீழே இழுத்தேன்.
முத்தியாலம்மன் வாசலில்
சீரியல் பல்பெல்லாம் செத்தன.
பம்பைக்குக் கரண்ட் வேண்டாம்,
அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

குடியாத்தத்தில் இன்றைக்குத்
தாயின் முகம் தெருவில் வரும்.
குறுக்கே தொங்கும் சர்வீஸ் ஒயர்களை
அவள் மாலை தட்டாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டுவது,
கட்ட முடியாததைக் கழற்றுவது,
அவள் தாண்டியதும் மாட்டுவது.
பதினோரு வருஷமாய் இதுதான் என் நேர்த்திக்கடன்,
வாரியச் சம்பளத்தில்.

போன் ஓயவில்லை.
"எப்ப சார் கரண்ட்?"
"தலை இன்னும் திரும்பலைங்க."
"எந்தத் தலை?"
ஊருக்குப் புதுசாய் வந்த பேங்க் மேனேஜர்.
ஏணியைப் பிடித்திருந்த தேசிங்கு
அவருக்கே கேட்கும்படி கத்தினான்,
"ரேணுகாதேவி தலைங்க!"

போன ஐப்பசியில், மழை விட்ட ராத்திரி,
நெல்லூர்ப்பேட்டையில் ஒரு லுங்கித் தறிக்கூடம்.
அறுந்த லைனை அவசரத்தில் சேர்த்தேன்.
ரெண்டு பேஸ் இடம் மாறிப்போச்சு.
அத்தனை மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுற்றின.
முதலாளி ஜெயவேலு
என் சாதியை இழுத்துத் திட்டினார்.
ரெண்டு போல்ட், நாலு நிமிஷம்,
சரியாயிற்று.

அன்றைக்கு அந்த மகனுக்கும் அவசரம்தான்.
வெட்டிய கழுத்து ரெண்டு.
ஒன்று பெற்றவளுடையது.
ஒன்று, இவளை விடமாட்டேன் என்று
இறுகக் கட்டிக்கொண்ட சேரிக்காரியுடையது.
வரம் வாங்கி மூச்சிரைக்க ஓடிவந்து
இந்தத் தலையை அந்த உடம்பில் வைத்தான்.
மாற்றி மாட்டு என்று
ஒருவரும் அவனைச் சொல்லவில்லை.
அப்படியே கும்பிட்டோம்.

காலை எட்டேகாலுக்குத்
தெருமுனை மஞ்சளாய்ப் புரண்டது.
புலிவேஷக்காரர்கள், சிலம்பம், பிறகு
சாமந்திக்குள் பாதி புதைந்த முகம்.
தேங்காய் உடைகிற சத்தம்
மழை தகரத்தில் விழுவதுபோல ஆரம்பித்துக்
கல்மழையாயிற்று.
என் மூக்குக்கண்ணாடியில் இளநீர்.
கம்பத்தில் பாதி உயரத்தில் நான்,
தோள்களின்மேல் அவள்,
அந்த இடத்தில் மட்டும்
ரெண்டு பேருக்கும் கண் ஒரே மட்டம்.
கும்பிடக் கை இல்லை.
ஒரு கையில் கம்பம், ஒரு கையில் கட்டிங் பிளேயர்.

மேலிருந்து பார்த்தால்
ஊரே தலைதான்.
உடம்பு யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே," என்றான் தேசிங்கு,
"அந்த இன்னொரு தலை என்ன ஆச்சு?
கட்டிப்பிடிச்சவ தலை?"

நான் பதில் தேடிக்
கூட்டத்தைப் பார்த்தேன்.
அத்தனை முகமும் அவளையே பார்த்திருக்க,
ஒன்று மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தது.
பீடிச்சுருள் காப்பு காய்த்த விரலால்
இடுப்புப் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தபடி.

"ஏம்பா, கரண்ட் எப்ப வரும்?
புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது."

"இதோம்மா," என்றேன்.
வேறென்ன சொல்ல.

கோபாலபுரத்தில் முகத்தை உடம்பில் வைத்துக்
கண் திறந்தார்களாம்.
எனக்குப் பின்னாலேயே வந்த செய்தி அது.
நான் அப்போது வேறொரு கம்பத்தில்,
சிவப்பை சிவப்போடு, மஞ்சளை மஞ்சளோடு,
ரெண்டு தடவை பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது வீட்டில் மின்விசிறி திரும்பிற்று.
உள்ளேயிருந்து பிள்ளை சிரிக்கிற சத்தம்.
அந்தப் பிள்ளைதானா, தெரியாது.

ராத்திரி கௌண்டன்யா ஆற்றுக்குமேல் வாணவேடிக்கை.
முகத்தை மறுபடி எடுத்துச்
சலவைத்துறைக்குக் கொண்டுபோனார்கள்.
அங்கே நாங்கள் கொடுத்திருந்த தற்காலிக இணைப்பை
மணி ரெண்டுக்குக் கழற்றினோம்.
ஆற்றில் தண்ணீர் இல்லை.
மணலில் நடந்தே வீட்டுக்கு.

மூன்றாம் நாள் டூல் பையைத் திறந்தால்
ஒரு புளித்த வாடை.
இன்சுலேஷன் டேப்புக்கடியில்,
எவர் எறிந்து எப்படி விழுந்ததோ,
ஒரு தேங்காய்ச் சில்லு.
ஓரம் முழுக்க எறும்பு.
அதுகளைத் தட்டிவிடாமல்
ஜன்னல்மேல் வைத்துவிட்டு
டூட்டிக்குக் கிளம்பினேன்.